மிதிவண்டி ஆற்றுப்படை: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் மலையடி வழிகள்

தோற்றுவாய்

பத்துப்பாட்டு என்னும் தொகையுள் செம்பாதி ஆற்றுப்படை நூல்கள் என்பது தமிழ் பயில்வோர் நன்கறிந்த செய்தி. திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் அவை. ஆறு என்பது வழி. ஒரு வழியில் சென்று பயன் பெற்று மீண்ட ஒருவன், எதிர்ப்பட்ட மற்றொருவனுக்கு அவ்வழியை எடுத்துரைப்பதே ஆற்றுப்படையின் இலக்கணம். அவற்றுள் பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னனது மலைநாட்டிற்குச் செல்லும் வழியின் வளத்தைப் பாடிய அப்புலவர், காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், வழுக்கும் நீர்த்துறை என அவ்வழியின் இடர்களையும் மறைக்காது உரைத்தார். நல்ல வழிகாட்டி நயத்தை மட்டும் சொல்லி அமைபவன் அல்லன். இடரையும் சேர்த்துச் சொல்பவனே ஆவான்.

அம்மரபைப் பின்பற்றி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரு நகர்களையும் சூழ்ந்துள்ள அமைதியான சாலைகளை மிதிவண்டியில் செல்வோர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம். இது வெறும் உல்லாசப் பயணக் குறிப்பன்று. இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர், சேத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து இராஜபாளையம் பேருந்து நிலையத்திற்கு நாள்தோறும் மிதிவண்டியில் வந்து, அங்கிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்கு வருபவர். ஒருநாள் மாலை இருட்டும் வேளையில் நெடுஞ்சாலையில் சரக்குந்து ஒன்று உரசிச் செல்ல, மண் விளிம்பில் சரிந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. ஓராண்டுப் படிப்பு தடைப்பட்டது. மருத்துவமனையில் அவரைக் காணச் சென்றபோது, விசைத்தறித் தொழிலாளியான அவர் தந்தை நம்மிடம், “புள்ள போயி வர்றதுக்கு வேற பாதையே கெடையாதா சார்?” என்று கேட்டார். அவ்வேளையில் நம்மால் விடை கூற இயலவில்லை. அவ்வினாவிற்கு விடை தேடி, விடுமுறை நாட்களில் நாமே மிதிவண்டியில் சென்று கண்டவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

நிலம் வகுத்த சாலைகள்

ஒரு சாலை அமைதியாக இருப்பதும் இரைச்சலாக இருப்பதும் தற்செயலாக நிகழ்வன அல்ல. நிலத்தின் அமைப்பே அதற்கு முதற்காரணம். இரு நகர்களுக்கும் மேற்கே மலைத்தொடர் ஒரு மதில்போல் வடக்கு தெற்காக நிற்கிறது. அதன் உயர்ந்த பகுதிகள் ஏறத்தாழ 2,000 மீட்டர் வரை எழுகின்றன. அம்மதிலில் வாகனங்கள் கடந்து செல்லும் வாயில்கள் மிகச் சிலவே. வடக்கே குமுளி, தெற்கே செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுந்தொலைவில் மலையைக் கடந்து கேரளத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலை ஒன்றுகூட இல்லை.

ஆகவே திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையே அனைத்துச் சரக்குகளையும் சுமக்கிறது. முன்னர் 208 என்ற எண்ணையும் இந்நாளில் 744 என்ற எண்ணையும் கொண்ட சாலை அது. கேரளத்திற்குச் செல்லும் காய்கறியும் கட்டடப் பொருள்களும் இதன் வழியேதான் செல்கின்றன. கிழக்கே செல்லும் சாலைகளிலும் அமைதியில்லை. ஒருபுறம் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள். மற்றொருபுறம் சத்திரப்பட்டி வட்டாரத்தின் மருத்துவக் கட்டுத்துணி நெசவு. தொழில் உள்ள இடத்தில் சரக்குந்து இருப்பது இயல்பே.

மேற்கு நோக்கிச் செல்லும் சாலைகளின் நிலையோ வேறு. அவை தென்னந்தோப்பையும் மாந்தோப்பையும் கண்மாய்க் கரையையும் கடந்து மலையடியில் முட்டி நின்றுவிடுகின்றன. அப்பால் செல்ல வழியில்லை. தோப்புக்காரர், ஆடுமாடு மேய்ப்போர், கோயிலுக்குச் செல்வோர் ஆகியோரன்றி வேற்றூரார்க்கு அச்சாலையில் வேலையில்லை. சுருங்கக் கூறின், எந்தச் சாலை எங்கோ ஓரிடத்தில் முடிந்துவிடுகிறதோ அந்தச் சாலையே அமைதியான சாலை.

இவ்வமைப்பை ஒரு சீப்பிற்கு ஒப்பிடலாம். நெடுஞ்சாலை சீப்பின் முதுகு. மேற்கே நீளும் சிற்றூர்ச் சாலைகள் அதன் பற்கள். பற்களில் அமைதி உண்டு, முதுகில் இல்லை. இவ்வுவமையை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். மேலே கூறிய தந்தையின் வினாவிற்கான விடை இதனுள்ளேயே அடங்கியுள்ளது.

முதல் வழி: அய்யனார் கோவில்

இராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாற்றுச் சாலையில் திரும்பினால் சிறிது நேரத்தில் ஆலைகளின் ஒலி அடங்கிவிடும். 1936 ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் நூற்பாலையைத் தொடங்கியது முதல் பஞ்சுக்கும் நூலுக்கும் பெயர் பெற்றது இவ்வூர். நகரைத் தாண்டியதும் இருமருங்கும் மாவும் தென்னையும் நிழல் செய்கின்றன. சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாம்பழ வகைகளுக்கு இராஜபாளையம் பெயர் பெற்றதன் காரணம் இச்சாலையில் செல்வோர்க்கு விளங்கும்.

வழியில் நகராட்சியின் குடிநீர்த் தேக்கம் உள்ளது. அதனை மக்கள் இன்றும் ‘ஆறாவது மைல்’ என்றே வழங்குகின்றனர். மைல்கல் மறைந்து கிலோமீட்டர் கல் வந்த பின்னரும் மக்கள் நாவில் பழைய அளவை நிலைத்திருப்பது மொழியியல் மாணவர்கள் கருதத்தக்கது. அதற்கும் அப்பால், நகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், காட்டாற்றின் கரையில் அய்யனார் கோவிலை ஒட்டிச் சாலை முடிகிறது. மிதிவண்டி பழகத் தொடங்குவோர்க்கு இதனினும் ஏற்ற வழி இல்லை எனலாம். ஏற்றம் உண்டு, ஆயினும் அது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். திரும்பி வரும்போதுதான் வண்டி தானாக உருள்வதைக் கண்டு அதனை உணர்வோம்.

இரண்டாம் வழி: மம்சாபுரம்

இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதனைத் தவிர்க்க விரும்புவோர்க்கு மேற்கே மம்சாபுரம் வழியாக மற்றொரு சாலை உண்டு. தொலைவு சற்றுக் கூடுதல். நேரமும் சற்றுக் கூடுதல். உயிருக்கு அச்சம் பெரிதும் குறைவு. சீப்பின் பற்களுள் இரண்டினை நுனியில் இணைக்கும் சாலை இது. இத்தகைய இணைப்பு இவ்வட்டாரத்தில் அரிது என்பதால் இதன் மதிப்பு மிகுதி.

இடப்பக்கம் மலை தொடர்ந்து உடன்வர, வலப்பக்கம் வயல்களும் கண்மாய்களும் விரியும். வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த மார்கழி, தை மாதங்களில் கண்மாய் நிறைந்து, நாரையும் கொக்கும் கரையோரம் நிற்கும். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் எனப் பாடநூலில் தனித்தனியே கற்ற நிலங்களை ஒருசேர ஒரே பார்வையில் காண விரும்பும் மாணவர்க்கு இச்சாலையே வகுப்பறை. மம்சாபுரத்தைக் கடந்து வடக்கே வருகையில், பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் உடைய திருவில்லிபுத்தூர்க் கோபுரம் தோன்றி வழிகாட்டும். கைகாட்டி மரம் இல்லாத நாளில் வழிப்போக்கர்க்குக் கோபுரங்களே கைகாட்டிகளாக இருந்தன என்பதை அங்கே உணரலாம்.

மூன்றாம் வழி: செண்பகத்தோப்பு

திருவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே எட்டு, பத்துக் கிலோமீட்டர் சென்றால் செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்கும் மீன்வெட்டிப்பாறை அருவிக்கும் செல்வோர் இங்குதான் மலையுள் நுழைவர். உயர்ந்த மரங்களின் கிளைகளிலே, நரைத்தது போன்ற சாம்பல்நிற உடலும் நீண்ட வாலும் கொண்ட பெரிய அணில் இப்பகுதிக்குரிய அரிய உயிர். அதனைக் காக்கும் பொருட்டு 1988 ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணில்கள் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடைய திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என அறிவிக்கப்பட்டன.

அந்த அணில் தரையில் இறங்க அஞ்சும் உயிர். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது வாழ இயலும். சாலையை அகலப்படுத்த வரிசை மரங்களை வெட்டினால் மனிதனுக்கு நிழல் போகும். அணிலுக்கோ வழியே போகும். மிதிவண்டிக்காரனும் அணிலும் வேண்டுவது ஒன்றே: தொடர்ச்சியான நிழல்.

நான்காம் வழி: வத்திராயிருப்பும் பிளவக்கல்லும்

திருவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவில் வரை நெடுஞ்சாலையில் சென்று, மேற்கே திரும்பினால் வத்திராயிருப்புச் சாலை. நெல்வயலும் தென்னையும் செறிந்த செழிப்பான வட்டாரம் இது. வத்திராயிருப்பிலிருந்து ஒரு கிளை மகாராஜபுரம் வழியாகச் சதுரகிரி மலையின் அடிவாரமான தாணிப்பாறைக்குச் செல்லும். மற்றொரு கிளை கூமாபட்டி வழியாகப் பிளவக்கல் அணைகளுக்குச் செல்லும். பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு ஆறுகளின் மேல் கட்டப்பட்ட இவ்வணைகளே இவ்வட்டாரக் கண்மாய்களுக்கு உயிர்நிலை.

இவ்வழியில் செல்வோர் நாட்காட்டியைப் பார்த்துச் செல்லுதல் வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும், சிறப்பாக ஆடி அமாவாசையிலும் தாணிப்பாறைச் சாலை பேருந்துகளாலும் வேன்களாலும் நிறைந்துவிடும். கூமாபட்டிக்கு நேர்ந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. 2025 ஆம் ஆண்டில் சமூக ஊடகத்தில் பரவிய காணொலியால் அச்சிற்றூர் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. பல ஊர்களிலிருந்தும் மக்கள் வாகனங்களில் திரண்டனர். அமைதியைப் புகழ்ந்து ஊரறியச் சொல்வதே அமைதியைக் கெடுத்துவிடும் என்பதற்கு அது சான்று. அவ்வாறாயின் இக்கட்டுரையும் அக்குற்றத்திற்கு ஆளாகாதோ எனச் சிலர் வினவலாம். மிதிவண்டியில் வருவோர் ஆயிரவர் ஆயினும் இரைச்சலும் புகையும் இரா என்பதே நம் மறுமொழி.

தெற்கே ஒரு கிளையும் உண்டு. சேத்தூருக்கு அருகே நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரிந்து, தேவதானத்து நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைக் கடந்து, சாஸ்தா கோவில் நீர்த்தேக்கம் வரை செல்லும் சாலை அது. வயலும் மலையும் நெருங்கி நிற்கும் அழகிய வழி. ஆயினும் இராஜபாளையத்திலிருந்து அங்கே சென்று சேர நெடுஞ்சாலையையே நம்ப வேண்டியுள்ளது. பல் நன்றாக உள்ளது. அதனை அடையும் முதுகுதான் இடர் நிறைந்தது.

ஏற்றமும் காற்றும் வெயிலும்

ஏற்றம் என்றதும் இளைஞர்களும் அஞ்சுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் அச்சம் நீங்கும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எடை எனக் கொள்வோம். பத்துக் கிலோமீட்டர்த் தொலைவில் 100 மீட்டர் உயரம் ஏறுவதாகவும் கொள்வோம். இது நூற்றுக்கு ஒன்று என்னும் சரிவு. புவியீர்ப்பிற்கு எதிராகச் செய்யும் வேலை ஏறத்தாழ 78,400 ஜூல். அதாவது 19 கிலோ கலோரி. நம் தசைகள் உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுவன என்பதால், இதற்கு உடல் செலவிடுவது சுமார் 75 கிலோ கலோரி. ஓரிரண்டு இட்லிகள் தரும் ஆற்றல் அது. சமதளத்தில் மிதிப்பதற்கான செலவு இதனின் வேறாகும். எனினும் மலையடி ஏற்றத்திற்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் விலை இவ்வளவே.

வண்டியின் அமைப்பையும் அறிதல் நன்று. நம் ஊர்களில் வழங்கும் பழைய வகை வண்டிகளில் பெரும்பாலும் முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்துப் பிரீவீலில் 18 பற்களும் இருக்கும். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். சமவெளிக்கு ஏற்ற அமைப்பு இது. மலையடியில் நெடிய ஏற்றம் வருமிடத்தில் இறங்கித் தள்ளுவதில் இழுக்கில்லை. கியர் வைத்த வண்டி கட்டாயம் என எண்ண வேண்டியதும் இல்லை. முப்பது தேங்காயைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு தோப்புக்காரர் அதே சாலையில் அதே வண்டியில்தான் வருகிறார்.

ஏற்றத்தினும் வலிய எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் மேல்காற்று வலியது. ஆகவே முதலில் மேற்கே செல்க. பின்னர்க் கிழக்கே திரும்புக. செல்லும்போது ஏற்றமும் எதிர்காற்றும் நம்மைச் சோதிக்கும். உடலில் வலு உள்ள நேரம் அது. களைத்துத் திரும்பும்போது இறக்கமும் பின்காற்றும் நம்மைத் தாங்கி வந்து வீட்டில் சேர்க்கும். முதலில் உழைப்பு, பின்னர் ஊதியம் என்னும் வாழ்வின் முறையை இம்மலையடிச் சாலைகள் சொல்லாமல் சொல்கின்றன.

வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. விடியலில் மேற்கே செல்வோர்க்குக் கதிரவன் முதுகுப்புறம் இருப்பான், கண் கூசாது. மலை முகத்தில் முதல் ஒளி படர்வதையும் காணலாம். கோடையில் பத்து மணிக்குள் திரும்பிவிடுதல் உடலுக்கு நன்று.

இடர்கள்

மலைபடுகடாத்துப் புலவர் செய்ததுபோல் நாமும் இடர்களை மறையாது கூறுதல் கடன்.

முதலாவது, காட்டாறு. ஊரில் துளி மழையில்லாதபோதும் மலைமேல் மழை கொட்டினால், முழங்காலளவு நீர் ஓடிய ஆறு சிறிது நேரத்தில் ஆளையே இழுக்கும் வெள்ளமாகும். மலை முகடு கறுத்திருக்கக் கண்டால் ஆற்றில் இறங்கலாகாது. அக்கரைக்குச் செல்லவும் கூடாது. நீச்சல் அறிந்தவர் என்ற துணிவு இங்கே உதவாது. காட்டாற்றில் நீரோடு கல்லும் உருண்டு வரும்.

இரண்டாவது, யானை. மலையடித் தோப்புகளில் தென்னங்குருத்தையும் மாவையும் நாடி யானைகள் இறங்குவது இவ்வட்டார உழவர் அறிந்த துன்பம். மேற்கே மலை இருப்பதால் இங்கே கதிரவன் முன்னதாகவே மறைகிறான். சமவெளியில் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்தில் மங்கிவிடும். ஆகவே மாலை நான்கு மணிக்குள் மலையடியை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் அனுமதியின்றிச் செல்லலாகாது. தீப்பெட்டியும் நெகிழிப் பையும் கொண்டு செல்லலாகாது. குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பது அறமன்று. நம் கையை நோக்கி அதனைப் பழக்குவது அதற்கே தீங்கு.

மூன்றாவது, சாலையே. இறக்கத்தில் வண்டி விரையும்போது பிரேக்குக் கட்டை தேய்ந்திருந்தால் நிலை என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். புறப்படுமுன் இரு பிரேக்குகளையும் அழுத்திப் பார்த்தல், டயரில் காற்றைச் சோதித்தல், பஞ்சர் ஒட்டும் கரைசலும் கைப்பம்பும் குடிநீரும் எடுத்துக்கொள்ளுதல், முன்விளக்கும் பின்புறச் சிவப்பு வில்லையும் பொருத்துதல் ஆகியவை கட்டாயம். அறுவடைக் காலத்தில் சிற்றூர்ச் சாலைகளில் கதிரைப் பரப்பி உலர்த்துவர். இறங்கித் தள்ளிச் செல்க. அவர்கள் ஊரின் களத்தில் நாம் விருந்தினர்.

மிதிவண்டி யாருக்கு உரியது?

மிதிவண்டியை ஏழையின் வண்டி என இகழ்வோரும், செல்வர்தம் உடற்பயிற்சிக் கருவி என வியப்போரும் ஒருங்கே வாழும் காலம் இது. 1817 ஆம் ஆண்டில் செருமனியின் கார்ல் டிரைசு மிதிகட்டை இல்லாத இருசக்கர வண்டியை உருவாக்கினார். 1885 இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரமும் ஒத்த அளவில் அமைந்த, சங்கிலியால் இயங்கும் வண்டியை அளித்தார். 1888 இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். அன்று முதல் இன்று வரை இதன் அடிப்படை வடிவம் மாறவில்லை. நம் மாநிலத்திலேயே 1949 ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்று, சென்னை அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டிகள் சிற்றூர்தோறும் சென்றன. வாடகைச் சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் வண்டி எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நினைவு நம் பெரியோர் ஒவ்வொருவருக்கும் இருக்கும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் ஆயிரமாயிரமாகக் கற்றனர். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். நீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் பிறரை எதிர்பார்த்திருந்த மகளிர் தாமே சென்று வரலாயினர். பின்னர்த் தமிழக அரசு பள்ளி மாணவியர்க்கும், அடுத்து அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்க்கும் விலையில்லா மிதிவண்டி வழங்கலாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2018 ஆம் ஆண்டில் சூன் 3 ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது.

வண்டி கிடைத்துவிட்டது. ஓட்டுவதற்கு அச்சமற்ற சாலை கிடைத்ததா என்பதே எஞ்சிய வினா. பெண்மக்கள் மிதிவண்டி பழகுவது கண்மாய்க் கரையிலும் தோப்புச் சாலையிலும்தான். திருவில்லிபுத்தூரின் பால்கோவா 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது; அதன் சுவைக்கு அடிப்படையான பாலை விடியற்காலையில் கேன்களில் கட்டி நகருக்குக் கொண்டுவரும் உழவர் பலர் இச்சிறு சாலைகளையே நம்பியுள்ளனர். அமைதியான சாலை என்பது கண்ணுக்கு இனிய காட்சி மட்டுமன்று. பிழைப்புக்கும் படிப்புக்கும் உரிய பாதுகாப்பான வழியும் அதுவே.

நிறைவாக

இனி, அத்தந்தையின் வினாவிற்கு வருவோம். “வேற பாதையே கெடையாதா?” அவர் மகன் மம்சாபுரத்தைச் சார்ந்தவராயிருந்தால், “உண்டு” எனத் தயங்காது கூறியிருப்போம். சேத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவோர்க்கு நெடுஞ்சாலையைத் தவிர நேர்வழி இல்லை என்பதே நாம் கண்ட உண்மை. மேற்கே செல்லும் பற்கள் பல உள. பற்களை இணைக்கும் நுனிச் சாலைகள் மிகச் சில. உலாவச் செல்பவனுக்கு அமைதி கிடைக்கிறது. நாள்தோறும் படிப்புக்கும் வேலைக்கும் செல்பவனுக்கோ நெடுஞ்சாலையின் விளிம்புதான் கிடைக்கிறது. இம்முரண்பாடே இக்கட்டுரை உணர்த்த விழைவது.

சாலைகளே வேண்டா என்பது நம் கருத்தன்று. நோயாளியைக் கொண்டு செல்லவும் விளைச்சலை விற்கவும் சிற்றூருக்கு நல்ல சாலை இன்றியமையாதது. பிளவக்கல் பகுதியிலிருந்து மலையைக் கடந்து வருசநாட்டிற்குச் சாலை வேண்டும் என்பது வத்திராயிருப்பு வட்டார மக்களின் நெடுநாள் கோரிக்கை. காட்டின் நலனும் மக்களின் தேவையும் எதிரெதிரே நிற்கும் அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் வல்லுநர் அல்லோம். ஒன்று மட்டும் கூறுவோம். எச்சாலையைப் போட்டாலும், எச்சாலையை அகலமாக்கினாலும், மிதிவண்டியில் வருபவனையும் ஒரு பயணியாக எண்ணிக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். நெடுஞ்சாலையின் இருமருங்கும் மண் சரியாத, ஒரு முழு மிதிவண்டி செல்லும் அகலமுள்ள விளிம்பு வேண்டும். கண்மாய்க் கரைகளை ஒட்டிய பாதைகளைச் செப்பனிட்டால், சீப்பின் பற்கள் பலவற்றை நுனியில் இணைத்துவிடலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஊராட்சியின் மனமும் ஊர்ப் பெரியோரின் குரலும் வேண்டும்.

மாணவர்களே, அடுத்த விடுமுறை நாளில் விடியலில் எழுந்து, மேற்கே செல்லும் சாலை ஒன்றைத் தேர்ந்து மலையடி வரை சென்று வாருங்கள். ஆசிரியப் பெருமக்களே, திணைப் பாகுபாட்டைக் கரும்பலகையில் எழுதுவதோடு நில்லாமல் ஒருமுறை மாணவரைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சமுதாயப் பெரியோர்களே, பேரப்பிள்ளைக்கு மோட்டார் வண்டி வாங்கித் தருமுன், அவன் அச்சமின்றி மிதிவண்டி ஓட்டிச் செல்ல உங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறதா எனக் கண்டு, இல்லையெனில் ஊராட்சியில் எடுத்துக் கூறுங்கள்.

கால் முறிந்த அம்மாணவர் மறுஆண்டு படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்றார். இன்றும் மிதிவண்டியில்தான் வேலைக்குச் செல்கிறார். இன்றும் அதே நெடுஞ்சாலையில்தான் செல்கிறார். அவருக்கு வேறொரு பாதை அமையும் நாளில் இவ்வாற்றுப்படை முழுமை பெறும்.